டெக்சாஸில் வீட்டுவழிக் கல்விக்கு 2,000 டாலர்: விண்ணப்பிக்கலாமா, வேறு வழிகள் உண்டா?

வடடெக்சாஸ் அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் டாலஸ் நகருக்கு வடக்கே வசிக்கிறோம். மூன்று மாதங்களுக்கு முன்னால் என் வேலையை விட்டுவிட்டு, பத்து வயது மகனையும் ஏழு வயது மகளையும் வீட்டிலேயே படிக்க வைக்கத் தொடங்கினேன். மகன் தானாகவே படித்துக்கொள்வான். மகளுக்கோ எழுத்துக் கூட்டிப் படிப்பது பெரும் சிரமமாக இருக்கிறது. டிஸ்லெக்சியாவாக இருக்கலாம் என்று குழந்தை மருத்துவர் கருதுகிறார். முறையான மதிப்பீட்டுக்குத் தனியார் மையம் ஒன்றில் விசாரித்தபோது 2,400 டாலர் ஆகும் என்றார்கள்.

இரண்டு சம்பளத்தில் ஓடிய வீடு இப்போது ஒரு சம்பளத்தில் ஓடுகிறது. இதுவரை பாடநூல்களுக்கும் பயிற்சி ஏடுகளுக்கும் 640 டாலர், இணையவழிக் கணித வகுப்புக்கு மாதம் 95 டாலர் செலவாகியிருக்கிறது. அச்சுப்பொறி மைக்கு ஆகும் செலவைக் கணவரிடம் சொல்வதையே நிறுத்திவிட்டேன். டெக்சாஸ் அரசு 2026-27 கல்வியாண்டு முதல் கல்விச் சேமிப்புக் கணக்கில் பணம் தரப்போவதாகவும், 2026 பிப்ரவரியில் விண்ணப்பம் தொடங்குவதாகவும் படித்தேன். ஒருவர் 10,000 டாலர் என்கிறார், இன்னொருவர் 30,000 என்கிறார், வேறொருவர் 2,000 என்கிறார். இவற்றில் எது எங்களுக்குப் பொருந்தும்? இதைத் தவிர வேறு உதவிகள் இருக்கின்றனவா? அனுபவப்பட்டவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வரிக்கணக்கர் எழுதியது:

சகோதரி, நீங்கள் கேள்விப்பட்ட மூன்று தொகைகளும் சரியானவைதான். ஆனால் அவை மூன்று வெவ்வேறு வகைப் பிள்ளைகளுக்கு உரியவை. 2025 மே மாதம் ஆளுநர் ஆபட் கையொப்பமிட்ட எஸ்.பி. 2 என்னும் சட்டம் இத்திட்டத்துக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு 10,000 டாலருக்குச் சற்று மேலாகக் கிடைக்கும். தனியார் பள்ளியில் சேரும் மாற்றுத்திறன் பிள்ளைக்கு, அவருக்கு வேண்டிய சிறப்புக் கல்வியை எழுத்தில் வகுத்து அரசுப் பள்ளி மாவட்டம் தயாரித்த தனிநபர் கல்வித் திட்டம் இருந்தால், அதன் அடிப்படையில் 30,000 டாலர் வரை செல்லலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு உச்சவரம்பு 2,000 டாலர். உங்கள் மகளுக்கு டிஸ்லெக்சியா உறுதியானாலும், அவள் வீட்டில் படிக்கும் வரையில் இந்த 2,000 மாறாது. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

அந்த 2,000 டாலரும் உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணமாக வராது. மாநிலக் கணக்காயர் அலுவலகத்தின் மேற்பார்வையில் இயங்கும் கணக்கில் வரவு வைக்கப்படும். அனுமதிக்கப்பட்ட பாடநூல், பயிற்சி ஆசிரியர் கட்டணம், தேர்வுக் கட்டணம், சிகிச்சை போன்றவற்றுக்கு அதிலிருந்து செலுத்தலாம்.

விண்ணப்பங்கள் நிதியை விஞ்சினால் முன்னுரிமை வரிசை உண்டு. குடும்ப வருமானம் வறுமைக்கோட்டு அளவின் ஐந்து மடங்குக்குள் உள்ள மாற்றுத்திறன் பிள்ளைகள் முதலிலும், இரண்டு மடங்குக்குள் உள்ள குடும்பங்கள் அடுத்தும், இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை உள்ளோர் அதற்குப் பிறகும், ஐந்து மடங்கைத் தாண்டியோர் கடைசியிலும் வருவார்கள். 2025 ஆம் ஆண்டின் அளவுப்படி நால்வர் குடும்பத்துக்கு வறுமைக்கோடு 32,150 டாலர். ஐந்து மடங்கு என்றால் 1,60,750 டாலர். இரண்டு கணினித்துறைச் சம்பளம் உள்ள வீடுகள் கடைசி வரிசையில்தான் நிற்கும். நீங்கள் வேலையை விட்டதால் வரிசையில் முன்னேறியிருக்கக்கூடும். கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் ஆண்டு எது என்பதை விண்ணப்பப் படிவத்தில் கவனமாகப் பாருங்கள்.

பழைய ஹூஸ்டன்காரர் எழுதியது:

நான் 1998 முதல் பதினான்கு ஆண்டுகள் என் மூன்று பிள்ளைகளையும் வீட்டில் படிக்க வைத்தவன். மாற்றுக் கருத்து ஒன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

டெக்சாஸில் வீட்டுவழிக் கல்வி இன்று இவ்வளவு சுதந்திரமாக இருப்பது தானாக வந்ததன்று. 1980களில் இம்மாநிலத்தில் பெற்றோர்கள் கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் வழக்குகளைச் சந்தித்தார்கள். லீப்பர் என்னும் குடும்பமும் பிறரும் ஆர்லிங்டன் பள்ளி மாவட்டத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1987 இல் கீழ் நீதிமன்றமும் 1994 இல் மாநில உச்ச நீதிமன்றமும், முறையாக நடத்தப்படும் வீட்டுவழிக் கல்வி தனியார் பள்ளிக்குச் சமம் என்று ஏற்றன. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகிய ஐந்தையும் எழுத்துவடிவப் பாடத்திட்டத்துடன் உண்மையாகக் கற்பிக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பதிவு இல்லை, தேர்வு இல்லை, ஆய்வாளர் வருவதில்லை.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும். இன்று 2,000 டாலர் தருபவர்கள் நாளை அந்த 2,000 டாலருக்குக் கணக்குக் கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட, ஏனென்றால் அது மக்களின் வரிப்பணம். வீட்டுவழிக் கல்விச் சட்டப் பாதுகாப்புச் சங்கம் 1983 இல் தொடங்கப்பட்டது. அரசுப் பணத்தோடு கட்டுப்பாடும் வரும் என்று அவர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வருவது இதனால்தான். அச்சங்கமே நோய், இழப்பு, வருமானக் குறைவு ஆகியவற்றால் தவிக்கும் குடும்பங்களுக்குத் தனியார் நன்கொடையிலிருந்து உதவித்தொகை வழங்குகிறது. அரசின் கதவைத் தட்டுவதற்கு முன் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

சாண்ட்லர் வயலின் எழுதியது:

பெரியவரின் அச்சத்தை நான் மறுக்கவில்லை. அதே சமயம் நான்காண்டுகளாக அந்த உப்பைத் தின்றுகொண்டிருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

அரிசோனாவில் இந்தக் கணக்கு 2011 இல் மாற்றுத்திறன் குழந்தைகளுக்காகத் தொடங்கி, 2022 இல் எல்லாக் குழந்தைகளுக்கும் திறக்கப்பட்டது. சிறப்புத் தேவை இல்லாத பிள்ளைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 டாலர், நான்கு தவணைகளாக வரும். டெக்சாஸின் 2,000 டாலரோடு ஒப்பிட்டு யாரும் பெருமூச்சு விட வேண்டாம், ஏனென்றால் இங்கே விலை வேறு. வீட்டுவழிக் கல்விக்காகக் கவுண்டி பள்ளிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்திருந்த பிரமாணப் பத்திரத்தைத் திரும்பப் பெற்று, மாநிலக் கல்வித் துறையோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அந்த நாளிலிருந்து சட்டத்தின் பார்வையில் என் பிள்ளைகள் வீட்டுவழிக் கல்வி மாணவர்கள் அல்லர். அதே சாப்பாட்டு மேசை, அதே பாடநூல், அதே அம்மா. பெயர் மட்டும் வேறு. இதை அறியாமல் இரண்டு பட்டியலிலும் பெயரை வைத்திருந்து பிறகு குழம்பியவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு சிறிய அனுபவம். 2024 இலையுதிர் காலத்தில் மகளுக்கு முக்கால் அளவு வயலின் வாங்கினேன். ரசீதை மட்டும் பதிவேற்றிவிட்டு, பணம் திரும்ப வரும் என்று காத்திருந்தேன். விண்ணப்பம் திரும்பி வந்தது. தவறு என்னுடையது: அவ்வாண்டு ஜூலையில் மாநில அட்டர்னி ஜெனரல் கிரிஸ் மேயஸ், துணைக் கருவி எதுவானாலும் அதைக் கோரும் பாடத்திட்டத்தோடு இணைத்துக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார், பென்சிலுக்கும் அழிப்பானுக்கும்கூடப் பாடத்திட்டமா என்று பெற்றோர் கொதித்துக்கொண்டிருந்தார்கள், வழக்கும் தொடரப்பட்டது. நான் செய்தியைப் படித்திருந்தும் மறந்துவிட்டேன். பிறகு அரைப் பக்கத்தில், 'கர்நாடக இசை, முதலாண்டு. கருவி: வயலின், முக்கால் அளவு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம். வாரம் இரண்டு வகுப்பு' என்று எழுதி இணைத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். ஜண்டை வரிசை என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் புரிந்திருக்காது. 'கருவி: வயலின்' என்ற இரண்டு சொல் போதுமாக இருந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் 2,000 டாலருக்குக் குறைந்த கோரிக்கைகளை உடனே ஏற்றுப் பிறகு தணிக்கை செய்வது என்று முறை மாறியது. பணம் விரைவாக வருகிறது என்று சிலர் எல்லாவற்றையும் வாங்குகிறார்கள். தணிக்கை பின்னால் வரும். வாங்கிய அன்றே ரசீதையும் பாடத்திட்டத் தாளையும் ஒரே கோப்பில் போட்டு வைக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பணத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

தம்பா தந்தை எழுதியது:

ஃபுளோரிடாவிலும் ஏறத்தாழ இதே கதைதான். 2023 இல் வந்த சட்டத்தின்கீழ் வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கென்று தனி உதவித்தொகைத் திட்டம் ஒன்று உருவானது; முதலாண்டில் 20,000 மாணவர், அதன்பின் ஆண்டுதோறும் 40,000 பேர் கூடுதலாகச் சேரலாம் என்று வரம்பு வைத்தார்கள். பிள்ளைக்கு ஏறத்தாழ 8,000 டாலர். ஆனால் பள்ளி மாவட்டத்தில் பதிவு செய்த 'வீட்டுவழிக் கல்வி' வேறு, இது வேறு. இரண்டிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. முன்னதில் இருந்தால் பிள்ளை செய்த வேலைகளைத் தொகுத்த கோப்பும் ஆண்டு மதிப்பீடும் போதும். பின்னதில் மாணவர் கற்றல் திட்டம் ஒன்றை எழுதித் தர வேண்டும், ஆண்டுதோறும் தரப்படுத்தப்பட்ட தேர்வும் எழுத வேண்டும்.

என் மூத்தவனை நான் பழைய முறையிலேயே வைத்திருக்கிறேன். அவன் உயர்நிலை வகுப்பில் இருப்பதால் சமுதாயக் கல்லூரியில் இரட்டைச் சேர்க்கை மூலம் பாடங்கள் எடுக்கிறான். வீட்டுவழிக் கல்வி மாணவருக்கு அதில் கல்விக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் இல்லை. இரண்டு பருவங்களில் அவன் எடுத்த பாடங்களின் மதிப்பைக் கூட்டிப் பார்த்தால் அதுவே ஒரு நல்ல உதவித்தொகை. இளையவளை மட்டும் புதிய திட்டத்தில் சேர்த்திருக்கிறேன், அவளுக்குப் பேச்சுப் பயிற்சியும் கணிதப் பயிற்சியும் தேவைப்படுவதால். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் இரண்டு சட்ட நிலைகளில் இருப்பதில் தடையில்லை.

வடடெக்சாஸ் அம்மா எழுதியது:

நன்றி. நான் பணத்தைப் பற்றி மட்டும் யோசித்தேன். பணம் வாங்கினால் சட்டத்தில் நாம் யார் என்பது மாறும் என்று யோசிக்கவே இல்லை. டெக்சாஸில் 2,000 டாலர் வாங்கினாலும் இப்படிப் பெயர் மாறுமா? வரிக்கணக்கர் ஐயா, கல்விக்காக எடுத்தால் வரியில்லாத 529 கல்விச் சேமிப்புத் திட்டத்தில் மகனுக்காக ஏற்கெனவே கொஞ்சம் சேர்த்திருக்கிறோம். அதிலிருந்து இப்போதே எடுக்கலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

வரிக்கணக்கர் எழுதியது:

முதல் கேள்விக்கு: டெக்சாஸ் சட்டம் 'வீட்டில் கல்வி பெறும் மாணவர்' என்றே ஒரு பிரிவை வைத்து அவருக்கு உச்சவரம்பு விதிக்கிறது. எனவே அரிசோனாவைப் போலப் பெயரைத் துறக்க வேண்டியதில்லை. இருப்பினும் திட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொள்கிறீர்கள். பெரியவர் சொன்ன தண்ணீரைக் கொஞ்சமாவது குடிக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது கேள்வி சிக்கலானது. 2017 ஆம் ஆண்டின் கூட்டரசு வரிச் சட்டம் 529 கணக்கிலிருந்து ஆண்டுக்கு 10,000 டாலர் வரை பள்ளிக் கல்விக் கட்டணத்துக்கு எடுக்க அனுமதித்தது. வீட்டுவழிக் கல்விச் செலவையும் சேர்க்கும் திருத்தத்தை டெக்சாஸ் செனட்டர் டெட் குரூஸ் கொண்டுவந்தார். அது நிறைவேறிய பிறகு, வரவுசெலவு நடைமுறை விதிக்குப் பொருந்தாதென்று அந்தச் சொற்கள் மட்டும் கடைசி நேரத்தில் நீக்கப்பட்டன. 2025 ஜூலையில் வந்த சட்டம் பாடநூல், பாடத்திட்டம், இணையவழிப் பாடங்கள், உறவினரல்லாத தகுதியுள்ள பயிற்சியாளரின் கட்டணம், தேர்வுக் கட்டணம், சிறப்புத் தேவைக்கான சிகிச்சை ஆகியவற்றைச் சேர்த்திருக்கிறது; 2026 முதல் உச்சவரம்பு 20,000 டாலர். ஆனால் இவையெல்லாம் 'அரசு, தனியார் அல்லது சமயப் பள்ளியில் சேர்ந்திருப்பது தொடர்பாக' ஆன செலவாக இருக்க வேண்டும் என்னும் சொற்றொடர் அப்படியே இருக்கிறது. வீட்டுவழிக் கல்வி என்ற சொல் இல்லை.

இங்கேதான் லீப்பர் தீர்ப்பு வேறு வகையில் உதவுகிறது. டெக்சாஸில் வீட்டுவழிக் கல்வி தனியார் பள்ளிக்குச் சமம் என்பதால், இச்செலவுகள் தகுதியுடையவை என்று வாதிட வலுவான அடிப்படை உண்டு. வீட்டுவழிக் கல்வியைத் தனிவகையாக வரையறுக்கும் மாநிலங்களில் அந்த அடிப்படை பலவீனமானது. வாதிடலாம் என்பதற்கும் உறுதி என்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை நான் தினமும் பார்ப்பவன். எனவே பெரிய தொகையை எடுப்பதற்கு முன் உங்கள் வரி ஆலோசகரிடம் எழுத்தில் கருத்து வாங்கிவிடுங்கள். கவர்டெல் கணக்கு என்று பழைய கல்விச் சேமிப்புக் கணக்கு ஒன்றும் இருக்கிறது: பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் மட்டுமே போடலாம், தம்பதியர் வருமானம் 1,90,000 டாலரைத் தாண்டினால் அந்த வரம்பு குறையத் தொடங்கி 2,20,000 இல் முற்றாக நின்றுவிடும், ஆனால் மாநிலச் சட்டம் எதைப் பள்ளி என்கிறதோ அதையே அது ஏற்பதால் டெக்சாஸ் பெற்றோருக்கு ஓரளவு தெளிவானது.

ஒரு எச்சரிக்கை. ஆசிரியர்களுக்கான கூட்டரசு வரிக்கழிவை வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் கோர முடியாது. பள்ளியொன்றில் ஆண்டுக்கு 900 மணி நேரம் பணியாற்றியவருக்கே அது உரியது. ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதைக் கோரிவிட்டு என்னிடம் வருகிறார்.

டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லாததால் வரிச்சலுகை என்ற பேச்சும் இல்லை. சொத்து வரி மட்டும் தவறாமல் வரும். இதைப் படிக்கும் பிற மாநிலத்தவருக்காகச் சொல்கிறேன்: ஓக்லஹோமாவில் பிள்ளைக்கு 1,000 டாலர் வரை வரிச்சலுகை உண்டு, வரி கட்ட வேண்டியது அதைவிடக் குறைவாக இருந்தாலும் மீதி கையில் கிடைக்கும். அலபாமாவில் பிள்ளைக்கு 2,000, குடும்பத்துக்கு 4,000 டாலர் வரை. இல்லினாயில் 250 டாலருக்கு மேற்பட்ட செலவில் கால் பங்கு, அதிகபட்சம் 750. மின்னசோட்டாவில் வருமானக் கழிவும், குறைந்த வருமானத்தினருக்குத் தனிச் சலுகையும் இருக்கின்றன. இண்டியானாவில் பிள்ளைக்கு 1,000 டாலர் வருமானக் கழிவு. அங்குள்ள வரி விகிதத்தில் அது கையில் முப்பது டாலர் அளவே ஆகும். ஆனாலும் ஒரு படிவத்தில் ஒரு வரி நிரப்புவதற்கு முப்பது டாலர் மோசமில்லை.

விரிகுடா வாசகி எழுதியது:

கலிஃபோர்னியாவில் இத்தகைய கணக்கு எதுவும் இல்லை. பலரும் செய்வது, வகுப்பறை சாராத சார்ட்டர் பள்ளியில் (அரசு நிதியில் தனி நிர்வாகத்தோடு இயங்கும் பள்ளி) பிள்ளையைச் சேர்த்து, அப்பள்ளி ஒதுக்கும் கற்பித்தல் நிதியில் பாடநூல்களும் வகுப்புகளும் பெறுவது. மாதந்தோறும் ஒரு ஆசிரியர் பிள்ளையின் வேலையைப் பார்ப்பார். அந்தப் பிள்ளை அரசுப் பள்ளி மாணவராகவே கருதப்படும். எங்களுக்கு இது பொருந்தியது. 529 பற்றி ஒன்று: பள்ளிக் கல்விக்கு எடுப்பதைக் கலிஃபோர்னியா ஏற்பதில்லை, எடுத்தால் ஈட்டிய தொகைக்கு மாநில வரியும் அதற்கு மேல் அபராத வரியும் உண்டு.

சாண்ட்லர் வயலின் எழுதியது:

வடடெக்சாஸ் சகோதரிக்கு ஒரு யோசனை. உங்களுக்கு முதலில் தேவைப்படுவது 2,000 டாலர் அல்ல, மகளின் மதிப்பீடு. அதற்கு 2,400 டாலர் கொடுக்காதீர்கள். கூட்டரசின் மாற்றுத்திறனாளர் கல்விச் சட்டப்படி, குறைபாடு இருக்கலாம் என்று ஐயப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து மதிப்பிடுவது பள்ளி மாவட்டத்தின் கடமை; தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். உங்கள் மாநிலத்தில் வீடே தனியார் பள்ளி. கட்டணம் கிடையாது. உங்கள் மகளைப் போன்ற ஒரு பிள்ளையின் பெற்றோருக்குக் கடிதம் எழுத உதவியிருக்கிறேன்.

பழைய ஹூஸ்டன்காரர் எழுதியது:

இதை நானும் ஆதரிக்கிறேன். பள்ளி மாவட்டத்தோடு பேசினால் வீட்டுக்குள் நுழைந்துவிடுவார்கள் என்ற பயம் என் காலத்தில் இருந்தது. மதிப்பீடு கேட்பது அப்படிப்பட்டதன்று. அவர்கள் பரிந்துரைப்பதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

மகனுக்குப் பத்து வயது என்றீர்கள். நான்காம் வகுப்பு அளவில் இருந்தால், தேசியப் பூங்காக்களுக்குக் குடும்பத்தோடு இலவசமாகச் செல்ல உதவும் நான்காம் வகுப்பு அனுமதிச் சீட்டை இணையத்தில் பெறுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அது உண்டு. நம் மாநிலத்தின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு ஒருமுறை போய்வந்தால் புவியியலில் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

வடடெக்சாஸ் அம்மா எழுதியது:

நேற்று இரவு கணவரும் நானும் உட்கார்ந்து பேசினோம். மதிப்பீட்டுக்கான கடிதத்தை இந்த வாரமே கொடுக்கப்போகிறேன். மகளுக்குக் குறைபாடு உறுதியாகி, எங்கள் வருமானமும் ஐந்து மடங்குக்குள் இருந்தால், விண்ணப்ப வரிசையில் அவள் முன்னே வருவாள் என்று புரிந்துகொண்டேன். மகனுக்கு விண்ணப்பிக்கவில்லை, அவனுக்கு வேண்டியதை நூலகத்திலும் இணையத்திலும் இலவசமாகவே பெற முடிகிறது. 529 கணக்கைக் கல்லூரிக்காக அப்படியே விட்டுவிடுகிறோம்.

எங்கள் பக்கத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் நடக்கும் சிறு பள்ளி ஒன்று, அங்கே சேர்த்தால் முழுத்தொகையும் கிடைக்கும் என்று சொல்கிறது. சென்ற ஆண்டுதான் தொடங்கியிருக்கிறார்கள். நம்பலாமா?

வரிக்கணக்கர் எழுதியது:

பங்கேற்கும் தனியார் பள்ளி அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், குறைந்தது இரண்டு கல்வியாண்டுகள் தொடர்ந்து இயங்கியிருக்கவும் வேண்டும் என்கிறது சட்டம். சென்ற ஆண்டு தொடங்கிய பள்ளிக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று அவர்களையே கேளுங்கள். முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

சாண்ட்லர் வயலின் எழுதியது:

கடிதத்தைப் பற்றி மட்டும் இரண்டு வரி. வாய்மொழியாகக் கேட்காதீர்கள். சிறப்புக் கல்வி இயக்குநர் பெயருக்கு எழுத்தில் கொடுத்து, தேதியிட்டு, ஒரு படியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். எழுத்து வேண்டுகோள் கிடைத்ததிலிருந்து 15 பள்ளி நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். நீங்கள் ஒப்புதலில் கையெழுத்திட்ட பிறகு 45 பள்ளி நாட்களில் அறிக்கை வர வேண்டும். பள்ளி நாட்கள் என்பதைக் கவனியுங்கள், விடுமுறைகள் இதில் சேரா. பிப்ரவரி விண்ணப்பத்துக்கு அறிக்கை கையில் இருக்க வேண்டுமென்றால் இன்றே எழுதுங்கள். வரைவை இங்கே போட்டால் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.